வருகைப் பதிவேட்டில் இல்லாதவர்கள்

கிராமத்துப் பள்ளிக்கூடத் தலைமையாசிரியர் எழுதும் முதல் புனைகதை, பிள்ளைகளின் பிறந்த தேதிதான். கள்ளக்குறிச்சிச் சமவெளியிலும் கல்வராயன் மலையிலும் ஒரு தலைமுறைக்கு முன்புவரை இப்படித்தான் நடந்தது. அம்மா பிள்ளையைக் கையைப் பிடித்து இழுத்து வந்து நிறுத்துவாள். எப்போது பிறந்தான் என்று கேட்டால், ஏரி உடைந்த வருசம், மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றி மறுவாரம் என்பாள். வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொல்லுவார் வாத்தியார். விரல் காதுக்கு எட்டிவிட்டால் சேர்க்கைப் பதிவேட்டில் ஜூன் மாதத்தில் ஏதோ ஒரு தேதி விழும். அப்பா பெயர், தொழில், சாதி, ஊர் என்று அடுத்தடுத்த கட்டங்களும் நிரம்பும். அந்தப் பிள்ளையின் வேலையும் ஓய்வும் பிற்பாடு அந்தத் தேதியை வைத்தே கணக்காகும்.

ஊரில் எல்லா வீட்டுக் கதையையும் கேட்டு எழுதிக்கொள்ளும் உரிமை வேறு யாருக்கு இருக்கிறது? கிராம நிர்வாக அலுவலருக்கு நிலம் தெரியும். செவிலியருக்கு உடம்பு தெரியும். வீடு வீடாகப் போய் "பையன் ஏம்மா வரல?" என்று கேட்டு, வாசலில் உட்கார்ந்து பதிலையும் கேட்டுவிட்டு வருபவர் வாத்தியார்தான். தமிழில் நாவல் எழுத வந்தவர்களில் இத்தனை பள்ளி ஆசிரியர்கள் இருப்பதற்கு ஓய்வு நேரத்தையும் கோடை விடுமுறையையும் காரணமாகச் சொல்லுவார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. விடுமுறையே இல்லாத வேலைகளிலிருந்தும் நல்ல நாவல்கள் வந்திருக்கின்றன. நடுநாட்டிலேயே பார்க்கலாம். 'அஞ்சலை' எழுதிய கண்மணி குணசேகரன் அரசுப் போக்குவரத்துக் கழகப் பணிமனையில் வேலை பார்த்தவர். இந்த வட்டாரத்துப் பேச்சைத் தொகுத்து 'நடுநாட்டுச் சொல்லகராதி' கொண்டுவந்தவரும் அவரே.

நடுநாடு என்று இலக்கியக்காரர்கள் சொல்லுவது விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சி மாவட்டங்கள் சேர்ந்த பழைய தென்னார்க்காட்டை. 1988இல் த. பழமலயின் 'சனங்களின் கதை' வந்தபோது, இந்த மண்ணின் பேச்சில் கவிதை எழுத முடியும் என்பது பலருக்கும் புதிதாக இருந்தது. பழமலய் கல்லூரிப் பேராசிரியர். ஆறு ஆண்டு கழித்து, 1994இல், 'கோவேறு கழுதைகள்' வந்தது. எழுதியவர் பள்ளி ஆசிரியர் வெ. அண்ணாமலை, அட்டையில் இருந்த பெயர் இமையம். 2002இல் 'மாணிக்கம்' வெளிவந்தது. அதை எழுதிய சு. தமிழ்ச்செல்வியும் விருத்தாசலம் பக்கத்தில் பணிபுரிந்த பள்ளி ஆசிரியர். கடலூரில் பள்ளிக்கூடம் நடத்திய இரா. நடராசனின் பெயரோடு 'ஆயிஷா' என்ற கதையின் பெயரே ஒட்டிக்கொண்டுவிட்டது. இவர்களின் ஊர்கள் எல்லாமே கள்ளக்குறிச்சியிலிருந்து பேருந்து பிடித்தால் அரை நாளுக்குள் போய்ச் சேரக்கூடியவை.

மேற்கே திரும்பினால் கச்சிராயபாளையம், கோமுகி அணை, அதற்கு மேல் மலைப்பாதை, வெள்ளிமலை. அந்தப் பக்கத்தில் பள்ளிக்கூடங்கள் இருக்கின்றன, ஆசிரியர்கள் இருக்கிறார்கள், கதைக்கும் பஞ்சமில்லை. சமவெளியில் பள்ளிக்கூடத்திலிருந்து நாவல் வந்ததுபோல் மலையிலிருந்து ஏன் வரவில்லை? பள்ளி ஆசிரியரின் முதல் நாவல் எப்படி உருவாகிறது என்று முதலில் பார்த்தால்தான் இந்தக் கேள்விக்குக் கிட்டே போக முடியும்.

இமையத்திலிருந்து தொடங்கலாம். 1964இல் பிறந்தவர். திருச்சியில் படித்த காலத்தில் ஆங்கிலப் பேராசிரியர் எஸ். ஆல்பர்ட்டின் வழியாக உலக இலக்கியத்துக்குள் வந்தவர். 'கோவேறு கழுதைகள்' ஒரு புதிரை வண்ணார் குடும்பத்தின் கதை. தலித் மக்களுக்கே துணி வெளுத்து, அவர்கள் வீட்டுச் சாவுக்கும் பிரசவத்துக்கும் ஏவல் செய்து, பதிலுக்குக் களத்தில் நெல்லும் வாசலில் சோறும் வாங்கிப் பிழைக்கிற ஆரோக்கியமும் சவுரியும் அதன் மையம். ஆரோக்கியம் இருட்டின பிறகு வீடு வீடாகப் போய் ராச்சோறு எடுக்கும் பகுதிகளைப் படித்தவர்களுக்கு ஒன்று தெரியும். எந்த வீட்டில் என்ன குரலில் கூப்பிட வேண்டும், யார் வீட்டில் பழைய குழம்பு வரும், யார் இல்லை என்பார்கள், இல்லை என்றால் அதற்குப் பதிலாக என்ன சொல்லிவிட்டு நகர வேண்டும் என்று ஒரு தொழிலின் முழு நுட்பமும் அங்கே இருக்கிறது. பரிதாபப்படச் சொல்லி ஆசிரியர் எங்கேயும் நம் தோளைத் தட்டுவதில்லை. களத்தில் அளந்து போடும் நெல் வருசத்துக்கு வருசம் குறைகிறது. சலவைக் கடையும் தையல்காரரும் ஊருக்கு வந்துவிட, ஆரோக்கியத்தின் தேவையும் குறைந்துகொண்டே போகிறது. அவள் குறை சொல்லிச் சொல்லி அழுகிறாள். அந்த அழுகையில்தான் நாவல் நடக்கிறது.

இந்த நாவல் வந்தபோது எழுத்தாளர் சுந்தர ராமசாமி பெரிதாகப் பாராட்டினார். தலித் விமர்சகர்கள் சிலர் கடுமையாக எதிர்த்தார்கள். ஒடுக்கப்பட்டவர்களுக்குள்ளே உள்ள ஒடுக்குமுறையை இந்த நேரத்தில் எழுதலாமா என்பது அவர்களின் கேள்வி. அந்தச் சண்டை இன்னும் முழுசாகத் தீரவில்லை. தீரவேண்டிய அவசியமும் இல்லை. என் கவனம் வேறொன்றில். இந்த நாவலில் பள்ளிக்கூடம் கிட்டத்தட்ட இல்லை. எழுதியவரோ தினமும் பள்ளிக்கூடம் போய் வந்த மனிதர்.

இந்தச் சந்தேகத்தோடு மற்றவர்களையும் எடுத்துப் பார்த்தேன். தி. ஜானகிராமன் வானொலிக்குப் போவதற்கு முன்னால் பத்தாண்டு பள்ளி ஆசிரியராக இருந்தார். 1940களில் 'கிராம ஊழியன்' இதழில் தொடராக வந்த அவருடைய முதல் நாவல் 'அமிர்தம்', தாசி குலத்துப் பெண் ஒருத்தியின் கதை. பாமா 1992இல் 'கருக்கு' எழுதியது கன்னியர் மடத்தை விட்டு வெளியே வந்த கையோடு. அதில் மடமும் வகுப்பறையும் வந்தாலும் புத்தகத்தின் உயிர் புதுப்பட்டித் தெருவில்தான் இருக்கிறது. அது நாவலா தன்வரலாறா என்ற விவாதம் ஒரு பக்கம் இருக்கட்டும். அழகிய பெரியவனின் 'தகப்பன் கொடி' 2001இல் வந்தது. பேரணாம்பட்டுப் பக்கத்து ஆசிரியரான அவர் எழுதியது நிலத்தை இழந்த குடும்பத்தை. சு. தமிழ்ச்செல்வி முதலில் எழுதியது தான் பிறந்த கீழைக் கடலோரத்து வாழ்க்கையை. 'அளம்' உப்பளத்துப் பெண்களைப் பற்றியது. 'கீதாரி' ஆடு மேய்த்துக்கொண்டு ஊர் ஊராகக் கிடை போடுபவர்களைப் பற்றியது.

வண்ணாத்தி, உப்பளக் கூலி, கிடைக்காரர், நிலமிழந்தவர். இவர்களுக்குள் ஒரு பொது அம்சம் உண்டு. வருகைப் பதிவேட்டில் இந்த வீட்டுப் பிள்ளைகளின் பெயர் இருக்காது, அல்லது பெயருக்கு எதிரே நீளமாகச் சிவப்புக் கோடு இருக்கும். நீண்ட நாள் வராதவர்களை ஆசிரியர்கள் 'எல்.ஏ.' என்பார்கள். பள்ளி ஆசிரியர்களின் தொடக்க நாவல்களில் உருப்படியானவற்றை ஒன்றாக வைத்துப் பார்த்தால், அவை 'எல்.ஏ.' பிள்ளைகள் எங்கே போனார்கள் என்று தேடிக்கொண்டு போன நாவல்களாகவே தெரிகின்றன. வேலை அவர்களுக்குக் கொடுத்தது பொருளை இல்லை. யார் வரவில்லை என்று நாள்தோறும் பார்க்கும் பழக்கத்தைக் கொடுத்தது.

'ஆயிஷா' இதற்கு விதிவிலக்கு. அது பள்ளிக்கூடத்துக்குள்ளேயே நடக்கிறது. கேள்வி கேட்கிற ஒரு மாணவி, அவளை அடிக்கும் ஆசிரியைகள், அவளைக் காப்பாற்றத் தவறிய ஒரு ஆசிரியை. அந்த ஆசிரியை எழுதும் அறிவியல் புத்தகத்தின் முன்னுரை என்ற வடிவில் கதை வருகிறது. ஆசிரியர்கள் கூடும் கூட்டங்களில் இந்த அளவுக்குக் கைமாறிய புனைகதை தமிழில் வேறு உண்டா என்று தெரியவில்லை. ஆனால் அளவில் அது சிறியது. ஒரே அடியில் முடிந்துவிடும். பள்ளிக்கூடத்தையே களமாகக் கொண்டு நீண்ட நாவல் எழுதும் துணிச்சல் ஆசிரியர்களுக்கு அரிதாகவே வந்திருக்கிறது.

அதற்குக் காரணம் எளிது. 1973இன் தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள், அரசின் கொள்கையை எழுத்திலோ பேச்சிலோ விமர்சிப்பதைத் தடை செய்கின்றன. கதை எழுதுவதற்குத் தடையில்லைதான். சத்துணவு முட்டை, மாறுதல் கலந்தாய்வு, உள்ளூர்ப் பிரமுகரின் மகன், சக ஆசிரியரின் வட்டிக்கடை ஆகியவற்றைக் கதையில் எழுதினால் அது இலக்கியமா விமர்சனமா என்பதை முடிவு செய்யப் போகிறவர் விமர்சகர் அல்லர். பெரும்பாலோர் அந்த வம்புக்குப் போவதில்லை. புனைபெயர்கள் இந்த வரிசையில் இத்தனை இருப்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அண்ணாமலை இமையம் ஆனார். பாஸ்தினா பாமா ஆனார். பக்தவத்சலன் பொன்னீலன் ஆனார். சம்பளப் பட்டியலில் ஒரு பெயரும் புத்தக அட்டையில் வேறொரு பெயரும் இருப்பது சட்டப்படி யாரையும் காப்பாற்றாது. ஆனாலும் எழுதும்போது கை கொஞ்சம் தளர்ந்து எழுதும்.

பள்ளி வேலை எழுத்தாளரிடமிருந்து எடுத்துக்கொள்வதும் உண்டு. நேரம் போவதைச் சொல்லவில்லை. இன்றைக்குக் கல்வித்துறையின் எமிஸ் தளத்தில் விவரம் ஏற்றுவதிலும், 'எண்ணும் எழுத்தும்' திட்டப் பயிற்சியிலும், தேர்தல் வேலையிலும், வாக்காளர் பட்டியலிலும் ஒரு தொடக்கப் பள்ளி ஆசிரியரின் நாள் கரைந்துவிடுகிறது என்பது உண்மை. ஆசிரியையாக இருந்தால் அதற்கு முன்னும் பின்னும் அடுப்படி வேறு. ஆனால் நேரமில்லாமல் கெட்டுப்போன நாவல்களைவிடப் பாடம் நடத்தும் பழக்கத்தால் கெட்டுப்போன நாவல்கள்தான் அதிகம். ஒன்றைச் சொல்லி, அதையே விளக்கி, உதாரணம் கொடுத்து, கடைசியில் கேள்வி கேட்டுப் புரிந்ததா என்று உறுதி செய்துகொள்வது வகுப்பறையில் நல்ல குணம். அதே குணம் நாவலுக்குள் வந்தால் பாத்திரங்கள் மாணவர்களாகிவிடுகிறார்கள், வாசகரும் கூடவே பெஞ்சில் உட்கார வேண்டியதாகிறது.

மு. வரதராசனை இங்கே சொல்லியாக வேண்டும். திருப்பத்தூரில் பள்ளி ஆசிரியராகத் தொடங்கிப் பச்சையப்பன் கல்லூரிக்குப் போனவர். 1946இல் முதல் நாவல் 'செந்தாமரை'யைக் கொண்டுவந்தார். தமிழாசிரியர்கள் இரண்டு தலைமுறைக்கு மு.வ.வைப் பார்த்துத்தான் நாவல் எழுதப் பழகினார்கள். அவருடைய நேர்மையில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் அவருடைய பாத்திரங்கள் பேசிக்கொள்ளும்போது ஒருவர் மற்றவருக்குப் பாடம் எடுப்பதையும் மறுக்க முடியாது. மு.வ.வுக்கு அது ஒத்துவந்தது, ஏனென்றால் அவரிடம் சொல்லவேண்டிய விசயம் நிறைய இருந்தது. அவரைப் பின்பற்றியவர்களுக்கு அந்தத் தொனி மட்டுமே மிஞ்சியது. ஓய்வுபெறும் விழாவில் வெளியிடப்படும் முதல் நாவல்கள் பல இன்றும் இந்த வகைதான். கதாநாயகன் கலெக்டராகி ஊருக்குத் திரும்பி வருவான், கடைசி அத்தியாயத்தில் மேடையேறிப் பேசுவான்.

இந்தப் பழக்கத்தை வெட்டி எடுப்பதற்கு வெளியாள் ஒருவர் தேவைப்படுகிறார். இங்கிலாந்தில் சாலிஸ்பரி நகரத்துப் பள்ளி ஒன்றில் பாடம் நடத்திக்கொண்டிருந்த வில்லியம் கோல்டிங், பள்ளிக்கூட நோட்டுப் புத்தகத்தில் எழுதிய 'லார்டு ஆஃப் தி ஃப்ளைஸ்' பல பதிப்பகங்களிலிருந்து திரும்பி வந்தது. 1954இல் அது வெளிவரக் காரணமானவர் ஃபேபர் பதிப்பகத்தில் இருந்த சார்லஸ் மாண்டித். கையெழுத்துப் பிரதியின் தொடக்கத்தில் இருந்த அணுகுண்டுப் போர் விவரிப்பை அவர் எடுக்கச் சொன்னார். பையன்கள் தீவில் நிற்பதிலிருந்தே கதை தொடங்கியது. கோல்டிங்கும் வாத்தியார்தான், பின்னணியை விளக்கிவிட்டுத்தான் பாடத்துக்குள் போக நினைத்திருப்பார். தமிழில் க்ரியா ராமகிருஷ்ணன் அப்படிப்பட்ட ஒரு பதிப்பாசிரியராக இருந்தார். 'கோவேறு கழுதைகள்' க்ரியா வெளியீடாக வந்தது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. 2020 நவம்பரில் அவர் இறந்தார். அடுத்த சில மாதங்களில் 'செல்லாத பணம்' நாவலுக்காக இமையத்துக்கு 2020ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது அறிவிக்கப்பட்டது. இன்றைக்குப் பதிப்பகங்கள் நிறைய. அச்சடிக்கும் செலவும் குறைந்துவிட்டது, முந்நூறு பிரதி போதும் என்றாலும் அடித்துத் தருவார்கள். உட்கார்ந்து வரிவரியாகப் படித்து, "இந்த அத்தியாயம் வேண்டாம் சார்" என்று சொல்லும் ஆள்தான் கிடைப்பதில்லை. அதுவும் ஒரு வாத்தியாரிடம் போய் யார் சொல்லுவது?

முன்னே சொன்ன பட்டியலுக்குத் திரும்புகிறேன். ஆசிரியர்களின் முதல் நாவல் பெரும்பாலும் அவர்கள் பிறந்த ஊரைப் பற்றியது, வேலை பார்த்த ஊரைப் பற்றியது இல்லை. சு. தமிழ்ச்செல்வி விருத்தாசலத்துச் செம்மண்ணில் இருந்துகொண்டு கடலோர உப்பை எழுதினார். பாமா செங்கல்பட்டுப் பக்கம் வேலை பார்த்துக்கொண்டே விருதுநகர் மாவட்டத்துத் தெருக்களைத் தொடர்ந்து எழுதினார். பிறந்த ஊரின் பேச்சு வாயில் இருக்கும். வேலை பார்க்கும் ஊரின் பேச்சு காதில் மட்டும் இருக்கும். முதல் நாவலுக்கு வாயில் இருக்கிற பேச்சு வேண்டியிருக்கிறது.

இந்த விதியை மீறியவர் பொன்னீலன். நாகர்கோவில் பக்கத்து மணிகட்டிப்பொட்டல்காரர். ஆசிரியராகவும் பிறகு கல்வித்துறை அதிகாரியாகவும் இருந்தவர். 1976இல் வந்த அவருடைய முதல் நாவலுக்குப் பெயரே 'கரிசல்'. பச்சைப் பசேல் என்ற நாஞ்சில் நாட்டிலிருந்து வந்தவர் கோவில்பட்டிச் சீமையின் வெடித்த நிலத்தை எழுதினார். கதையிலும் வெளியூரிலிருந்து வேலைக்கு வரும் ஆசிரியர் ஒருவர்தான் ஊரைப் பார்க்கிறார், மெல்ல மெல்ல விவசாயக் கூலிகள் பக்கம் நிற்கிறார். தான் அந்நியர் என்பதை மறைக்காமல், அந்த அந்நியத்தையே பார்வைக் கோணமாக்கிக்கொண்டது அவருடைய தந்திரம். கொள்கை சில இடங்களில் முன்னால் வந்து நின்றுவிடுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். ஆனாலும் வெளியூர் வாத்தியார் எழுதக்கூடிய நாவலுக்குத் தமிழில் நல்ல முன்மாதிரி அது.

கல்வராயன் மலைக்கு இந்த முன்மாதிரி பொருந்துமா? கிழக்குத் தொடர்ச்சி மலையில் ஜவ்வாது, சேர்வராயன், பச்சைமலை, கொல்லிமலை வரிசையில் இதுவும் ஒன்று. சின்னக் கல்வராயன், பெரிய கல்வராயன் என்று இரண்டு பகுதி. சேலம் மாவட்டப் பக்கம் கருமந்துறை, கள்ளக்குறிச்சிப் பக்கம் வெள்ளிமலையும் கரியாலூரும். 2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது. வெள்ளிமலையைத் தலைமையிடமாகக் கொண்ட கல்வராயன்மலை வட்டம் அதில் அடங்கியது. மக்களில் பெரும்பான்மையினர் மலையாளிப் பழங்குடியினர். காஞ்சிபுரத்திலிருந்து அண்ணன் தம்பிகள் மலையேறி வந்து ஆளுக்கொரு மலையில் தங்கிவிட்டார்கள் என்பது அவர்கள் சொல்லும் கதை. சாமை, தினை, மரவள்ளி, கடுக்காய், புளி. பள்ளிக்கூடங்களில் பல, பழங்குடியினர் நலத்துறையின் அரசு உண்டு உறைவிடப் பள்ளிகள்; பேச்சு வழக்கில் ஜி.டி.ஆர். பள்ளி.

சமவெளியிலிருந்து மலைப் பள்ளிக்கு வேலை கிடைத்துப் போகிறவரின் மனநிலையை யோசித்துப் பாருங்கள். அடுத்த கலந்தாய்வில் கீழே இறங்கிவிட வேண்டும் என்பதுதான் முதல் நாளிலிருந்தே நினைப்பு. தினமும் ஏறி இறங்குபவருக்குக் கடைசிப் பேருந்தின் நேரம்தான் பெரிய கவலை. மலையில் கதை நடப்பதோ பெரும்பாலும் அந்தப் பேருந்து போன பிறகு. மரவள்ளி பிடுங்கும் காலம் முடிந்ததும் குடும்பமாகக் கேரளத்துக்கும் கர்நாடகத்துக்கும் தோட்ட வேலைக்குப் போவார்கள். பள்ளிக்கூடத்தில் பாதி வகுப்பு காலியாகிவிடும். பதிவேட்டில் வரிசையாக 'எல்.ஏ.' விழும். பெண் பிள்ளை திரும்பி வரும்போது கழுத்தில் தாலியோடு வருவதும் உண்டு. செம்மரம் வெட்டப் போனதாக ஆந்திராவில் பிடிபட்டவர்களின் வீடுகள் உண்டு. ஆசிரியருக்கு இதெல்லாம் தெரியும். ஆனால் தகவலாகத்தான் தெரியும். இடைநின்ற குழந்தைகள் கணக்கெடுப்புப் படிவத்தில் 'காரணம்' என்ற கட்டத்துக்குள் எழுதும் அளவுக்கு.

தமிழில் மலை மக்களைப் பற்றி வந்த பெயர்பெற்ற நாவல்களை யார் எழுதினார்கள் என்று பார்த்தாலும் இதுவே தெரிகிறது. நீலகிரிப் படகர்களைப் பற்றிய 'குறிஞ்சித்தேன்' ராஜம் கிருஷ்ணனுடையது. கொல்லிமலை மக்களைப் பற்றிய 'சங்கம்' எழுதிய கு. சின்னப்ப பாரதி இடதுசாரி இயக்கக்காரர். 'சோளகர் தொட்டி' எழுதிய ச. பாலமுருகன் வழக்கறிஞர். வால்பாறைத் தேயிலைத் தோட்டத்துக் கொடுமையை ஆங்கிலத்தில் 'ரெட் டீ' என்று எழுதிய பி.எச். டேனியல் மருத்துவர், இரா. முருகவேள் அதை 'எரியும் பனிக்காடு' என்று தமிழாக்கினார். பெரும்பாலும் வழக்கு, போராட்டம், நோய் என்று ஏதோ ஒரு நெருக்கடியோடு மலைக்குப் போனவர்கள் எழுதியிருக்கிறார்கள். வருசத்துக்கு இருநூறு நாள் மலையிலேயே இருந்த வாத்தியார்கள் இந்த வரிசையில் இல்லை.

நெருக்கடி எழுத வைக்கும் என்பது நிஜம். ஆனால் நெருக்கடியை மட்டுமே எழுதினால் மலை என்பது கொடுமை நடக்கிற இடமாக மட்டும் வாசகர் மனதில் தங்கிவிடும். கள்ளக்குறிச்சிக்கு ஏற்கெனவே இந்தப் பாரம் உண்டு. 2022 ஜூலையில் கனியாமூர்ப் பள்ளி எரிந்த செய்தி. 2024 ஜூனில் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60க்கும் மேற்பட்டோர் இறந்த செய்தி. அந்தச் சாவுகளுக்குப் பிறகு கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலை பற்றிச் சென்னை உயர்நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கு எடுத்தது. சாலை இல்லை, மருத்துவமனை இல்லை என்ற விவரங்கள் நாளிதழ்களில் வந்தன. அவை அவசியமான விவரங்கள். ஆனால் அதே மலையில் கரியராமனுக்குத் திருவிழா எடுக்கிறார்கள், மாமன் மச்சான் கேலி செய்துகொள்கிறார்கள், சாமை விளைந்த வருசத்தில் பெண் கேட்டுப் போகிறார்கள். இவை வழக்கு ஆவணத்தில் வராது. வரவேண்டிய தேவையும் அதற்குக் கிடையாது.

மலையை யார் எழுதுவது என்பதற்குக் கேரளத்தில் இரண்டு வகை விடை கிடைத்திருக்கிறது. 1998இல் மலையாளத்தில் வந்த 'கொச்சரேத்தி'யை எழுதிய நாராயண், மலையரையர் சமூகத்தைச் சேர்ந்த அஞ்சல் துறை ஊழியர். வெளியார் எழுதிய கதைகளிலும் படங்களிலும் தன் மக்கள் கோமாளிகளாகவும் காட்டுமிராண்டிகளாகவும் வருவதைப் பார்த்துச் சகிக்காமல் எழுத வந்தவர். இரண்டாமவர் கே.ஜே. பேபி. பழங்குடியினர் அல்லாதவர், வயநாட்டில் குடியேறிய குடும்பம். அடிமை வியாபாரத்தில் சிக்கிய பழங்குடி மக்களின் கதையாக 1991இல் 'மாவேலி மன்றம்' எழுதினார். பிறகு 1994இல் பழங்குடிப் பிள்ளைகளுக்காக 'கனவு' என்ற பள்ளியைத் தொடங்கினார். நாம் பார்த்துவந்த வரிசை இங்கே தலைகீழ்: நாவல் எழுதிய பிறகு வாத்தியாரானவர். எழுதியதற்குக் கணக்குத் தீர்க்கத்தான் பள்ளி தொடங்கினாரோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

கல்வராயனில் இரண்டாவது வழி, வெளியார் வந்து எழுதுவது, நடக்க வாய்ப்பு குறைவு. மாறுதல் கேட்காமல் மலையிலேயே தங்கிவிடும் ஆசிரியர் யாராவது இருந்தால், பொன்னீலனைப்போலத் தன்னையும் கதைக்குள் நிறுத்தி எழுதலாம். அப்படி எழுதுபவர் மலைப் பேச்சை நடிக்கக்கூடாது. தன் கதைசொல்லியைக் கீழ்நாட்டுத் தமிழிலேயே பேசவிட்டு, மலைக்காரர்களின் வாய்ப்பேச்சை உரையாடலில் மட்டும் வைத்துக்கொண்டால் பாதி ஆபத்து தீரும். மலைக்காரரே எழுதும் முதல் வழிதான் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. மலையாளிகள் பழங்குடிப் பட்டியலில் இடம்பெறுவது குறிப்பிட்ட சில மாவட்டங்களுக்கு மட்டுமே. பழைய தென்னார்க்காடு அதில் உண்டு. ஆகவே கள்ளக்குறிச்சிப் பக்கத்து மலைப் பிள்ளைக்குச் சான்றிதழ் கிடைக்கிறது, விடுதி கிடைக்கிறது, பி.எட். வரைக்கும் போக முடிகிறது. ஈரோட்டின் பர்கூர் மலையில் இருக்கும் அதே மலையாளிகளுக்கு நெடுங்காலமாக இது கிடைக்கவில்லை. இன்று ஜி.டி.ஆர். பள்ளியில் படித்துவிட்டு அதே மாதிரிப் பள்ளிக்கு ஆசிரியராகத் திரும்பும் முதல் தலைமுறை வந்துகொண்டிருக்கிறது. கடைசிப் பேருந்து பற்றி அவர்களுக்குக் கவலை இல்லை. பேருந்து போன பிறகுதான் அவர்களுடைய வீட்டில் விளக்கு எரியும்.

அவர்களுக்கு வேறு சங்கடம் உண்டு. பள்ளிக்கூடத்தில் சேர்ந்த நாளிலிருந்தே அவர்களின் பேச்சைத் திருத்தியிருக்கிறார்கள். விடுதியில் கீழ்நாட்டுப் பையன்கள் கேலி செய்திருப்பார்கள். பதினைந்து இருபது வருசம் பாடப்புத்தகத் தமிழை எழுதிப் பழகிய கை, அம்மாவின் பேச்சை எழுத உட்கார்ந்தால் கூசும். இமையத்துக்கும் பாமாவுக்கும் இந்தக் கூச்சம் இருந்திருக்கும். பாமா 'கருக்கு' வந்த காலத்தில் அதன் மொழிக்காகவே திட்டு வாங்கினார். பிறகு அதே மொழிதான் லட்சுமி ஹோம்ஸ்ட்ராமின் ஆங்கில மொழிபெயர்ப்புக்கு 2000இல் கிராஸ்வேர்டு விருது கிடைக்கும் அளவுக்குப் போனது. கூச்சத்தோடு சொந்த ஊர்ப் பகையும் சேரும். வெளியூர் வாத்தியார் எழுதினால் புத்தகம் ஊருக்கு வராமலே போகலாம். உள்ளூர் வாத்தியார் எழுதினால் மறுவாரமே பங்காளி கதவைத் தட்டுவார்.

எழுதுவதற்கு அவசரமும் இருக்கிறது. கல்வராயன் மலை சடையக் கவுண்டன், குறும்பக் கவுண்டன், ஆரியக் கவுண்டன் என்ற மூன்று ஜாகிர்தார்களின் கையில் நெடுங்காலம் இருந்தது. சுதந்திரம் வந்து முப்பது வருசம் ஆகப்போகும் நேரத்தில், 1976இல்தான், அந்த ஜாகிர் முறை முடிவுக்கு வந்தது. கீழே கள்ளக்குறிச்சியில் அரிசி ஆலையும் சினிமாக் கொட்டகையும் இருந்த காலத்தில் மேலே ஜாகிர்தாருக்கு வரி கொடுத்துக்கொண்டிருந்தார்கள். இதைக் கண்ணால் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வரி வசூலுக்கு யார் வருவார்கள், எப்படிக் கூப்பிடுவார்கள், கொடுக்க முடியாதவன் என்ன செய்தான், ஜாகிர்தார் வீட்டுக் கல்யாணத்துக்கு எந்த ஊர் விறகு சுமந்தது என்பதெல்லாம் அவர்களோடு போய்விடக்கூடியவை. ஆவணக் காப்பகத்தில் நில அளவையும் வழக்கு எண்ணும் கிடைக்கும். கூப்பிட்ட குரல் கிடைக்காது.

2022இலிருந்து அரசு மாவட்டந்தோறும் புத்தகத் திருவிழா நடத்துகிறது. கள்ளக்குறிச்சியிலும் நடக்கிறது. பள்ளிப் பிள்ளைகளைப் பேருந்தில் ஏற்றிக் கூட்டி வருகிறார்கள், ஆசிரியர்கள் கூடவே வருகிறார்கள், பிள்ளைகள் தொலைந்துவிடாமல் எண்ணிக்கொண்டே அரங்குகளைச் சுற்றுகிறார்கள். மலையிலிருந்து வரும் ஆசிரியரில் யாரோ ஒருவர் தாத்தாவிடம் கேட்ட ஜாகிர் கதையை ஏற்கெனவே எழுதத் தொடங்கியிருக்கலாம். அவருக்கு இப்போது வேண்டியது விருதோ பயிலரங்கோ அல்ல. தாத்தாவுக்குப் பக்கத்தில் போய் உட்காரச் சில மாதச் சம்பளத்தோடு கூடிய விடுப்பும், எழுதியதை வாங்கி வரிவரியாகப் படித்துப் பாதியை அடித்துத் தரும் ஒரு பதிப்பாசிரியரும். கல்லூரி ஆசிரியர்களுக்கு ஆய்வு செய்ய விடுப்பு தரும் ஏற்பாடு உண்டு. பள்ளி ஆசிரியருக்கு நாவல் எழுத அப்படி ஒன்று கேட்டால் வட்டாரக் கல்வி அலுவலகத்தில் சிரிப்பார்கள். கேட்டுப் பார்ப்பதில் தப்பில்லை.